கொல்லையில் சம்பங்கி: கிழங்கைப் பார்த்து வாங்கவேண்டும்

வீட்டை ஒட்டி ஐந்து சென்ட் நிலமும், அதற்குப் பாயும் அளவு கிணற்று நீரும் இருந்தால் சம்பங்கி வைத்து அன்றாடம் கையில் காசு பார்க்கலாம். நெல்லும் கரும்பும் தரும் பணம் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோதான் வரும். அதுவும் கடனைக் கட்டவே சரியாகப் போய்விடும். பூ அப்படியல்ல. விடியலில் பறித்ததைக் காலையில் விற்றுவிடலாம். வீட்டுப் பெண்கள் கையில் நேரடியாகப் புழங்கும் பணம் இது. ஆனால் சம்பங்கியில் நட்டப்பட்டவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் நட்டப்பட்டது பூவினாலல்ல, கிழங்கினால். வாங்கிய கிழங்கோடு நூற்புழுவையும் வாங்கி வந்து, பிறகு அதே நிலத்தில் கத்தரியும் தக்காளியும்கூட வராமல் தவித்தவர்கள் பலர். ஆகவே இங்கே கிழங்கைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

சம்பங்கி என்ற பெயரைச் சிலர் மரத்தில் பூக்கும் சண்பகத்துக்கும் வழங்குவதுண்டு. இங்கே சொல்வது கிழங்கு வைத்து வளர்க்கும் நிலச்சம்பங்கி. தெலுங்கில் நேல சம்பெங்க, கன்னடத்தில் சுகந்தராஜ, வங்காளத்தில் ரஜனிகந்தா என்பதும் இதுவே. இதன் தாயகம் மெக்சிகோ. தாவரவியலார் நெடுங்காலம் இதைத் தனி இனமாக வைத்திருந்து, அண்மைக் காலத்தில் கற்றாழை இனத்தோடு சேர்த்துவிட்டனர். ரயில் பாதை ஓரத்தில் நிற்கிறதே ஆனைக்கற்றாழை, அதற்கு இது உறவு. கற்றாழை ஒரு முறை பூத்ததும் பட்டுப்போகிறது. சம்பங்கிக் கிழங்கும் அப்படித்தான். ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூத்தண்டு விடும். அதன் பக்கத்தில் பிறக்கும் குட்டிக் கிழங்குகளே அடுத்தடுத்துப் பூக்கின்றன. இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டால், எந்தக் கிழங்கை வாங்குவது, எப்போது பயிரைக் கலைப்பது என்ற இரண்டும் எளிதில் விளங்கும்.

எந்த ரகம்?

சம்பங்கியில் ஒற்றை, அடுக்கு என இரு வகை உண்டு. ஒற்றையில் ஆறு இதழ்கள் ஒரே வரிசையாக இருக்கும். அடுக்கில் இதழ்கள் பல வரிசையாக அடர்ந்திருக்கும். மாலை கட்டவும் சரம் தொடுக்கவும் ஒற்றைதான் ஏற்றது. மணமும் அதில்தான் அதிகம். செண்ட் ஆலைக்காரர்கள் கேட்பதும் ஒற்றையைத்தான். அடுக்குச் சம்பங்கி தண்டோடு வெட்டிப் பூங்கொத்துக்கு அனுப்ப நன்றாயிருக்கும். பக்கத்தில் பெரிய நகரமும் அதற்கான கடையும் இல்லாதவர்கள் அதன் பக்கம் போகாமல் இருப்பதே நலம்.

பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஒற்றை ரகங்களில் சிருங்கார், பிரஜ்வல் இரண்டும் தமிழ்நாட்டில் நன்கு பரவியுள்ளன. சிருங்கார் ஒற்றையையும் அடுக்கையும் கலந்து பெறப்பட்டது. வேர்முடிச்சு நூற்புழுவை ஓரளவு தாங்கும். சிருங்காரையும் மெக்சிகன் ஒற்றையையும் கலந்து வந்தது பிரஜ்வல். இதன் மொட்டில் இளஞ்சிவப்புச் சாயல் தெரியும், பூ வெள்ளையாகவே விரியும், பூவின் அளவும் எடையும் கூடுதல். எடைபோட்டு விற்கிற சரக்கு ஆகையால் இது கவனிக்கத்தக்கது. அதே நிலையம் தந்த சுவாசினி, வைபவ் இரண்டும் அடுக்கு ரகங்கள். லக்னோவிலிருந்து வந்த ரஜத் ரேகா, சுவர்ண ரேகா ஆகியவற்றின் இலையில் வெள்ளி, பொன் நிறக் கோடுகள் ஓடும். வீட்டு முகப்பில் அழகுக்கு நாலு குத்து வைக்கலாம், வருமானத்துக்கு அல்ல.

கிழங்கும் அதில் ஒட்டிவரும் வினையும்

நடவுக்கான கிழங்கு 25 முதல் 30 கிராம் எடையும் ஓர் அங்குலத்துக்குக் குறையாத குறுக்களவும் இருக்கவேண்டும். ஒரு கிலோவுக்கு 35 அல்லது 40 கிழங்கு நின்றால் சரியான அளவு. விலை மலிவாக இருக்கிறதென்று பொடிக் கிழங்கை வாங்கினால் அது பூக்கும் பருவத்துக்கு வர ஓர் ஆண்டு கூடப் பிடிக்கும். அதுவரை களையெடுத்து நீர் பாய்ச்சுவது யார் செலவு? மேலே பூத்தண்டு விட்டுக் காய்ந்த அடையாளம் உள்ள பெரிய தாய்க் கிழங்கும் பயனில்லை. அது பூத்து முடிந்தது. உருண்டு திரண்டு, கையில் அழுத்தினால் கெட்டியாக, நுனி அழுகாமல் இருப்பதே நல்ல கிழங்கு.

அன்று தோண்டி அன்றே நடுவதும் ஆகாது. கிழங்குக்கு உறக்க காலம் ஒன்று உண்டு. தோண்டி முப்பது நாள் நிழலில் ஆறிய கிழங்கே ஒரே சீராக முளைக்கும். விற்பவர் ஈரமண் ஒட்டிய கிழங்கைத் தந்தால் வீட்டில் வைத்து ஆற்றிக்கொள்ளவேண்டும்.

இனி நூற்புழு. வேர்முடிச்சு நூற்புழு கண்ணுக்குத் தெரியாது. அது வேரில் புகுந்ததும் வேர் ஆங்காங்கே முடிச்சு முடிச்சாக வீங்கும். செடி குட்டையாகும், இலை வெளிறும், பூத்தண்டு சிறுக்கும். உழவர் உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் யூரியா போடுவார். கிழங்கு வாங்கும்போது அதன் அடியில் காய்ந்து தொங்கும் வேர்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். முடிச்சு இருந்தால் அந்தக் குவியலில் ஒரு கிழங்கும் வேண்டாம். கூடுமானால் விற்பவரின் வயலுக்கே போய் நிற்கும் பயிரில் இரண்டு குத்தைப் பிடுங்கிப் பார்ப்பது நல்லது. பார்க்க விடாதவரிடம் வாங்கவேண்டிய அவசியம் என்ன?

தன் நிலத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. அதே இடத்தில் இருந்த கத்தரி, தக்காளி, வெண்டைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி நீரில் அலசினால் தெரிந்துவிடும். உளுந்து, தட்டைப்பயறு வேரிலும் முடிச்சுகள் இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். அவை வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். அவை நன்மை செய்பவை. நூற்புழு முடிச்சு வேரே வீங்கியதாகும், தேய்த்தால் உதிராது.

மேற்கு வங்கத்தில் இன்னொரு நூற்புழு சம்பங்கியைப் படுத்துகிறது. அது மண்ணில் இல்லாமல் இலையிலும் மொட்டிலும் வாழ்வது. மொட்டு பழுப்பேறி, தண்டு கோணி, பூ விரியாமலே போகும். நெல்லில் இலை நுனியை வெளுக்க வைப்பதும் அதே புழுதான். வடக்கே இருந்து மலிவாக லாரியில் வரும் கிழங்கை வாங்கும் முன் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

முன்பெல்லாம் நூற்புழுவுக்கு ஃபோரேட் குருணை இடுவது வழக்கமாக இருந்தது. 2020 டிசம்பர் 31 முதல் அதன் விற்பனையும் பயன்பாடும் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளன. பழைய பொட்டலம் வீட்டு மூலையில் கிடந்தாலும் தொடக்கூடாது. குழந்தைகளும் கோழிகளும் திரிகிற கொல்லையில் அது எப்போதுமே பொருந்தாத மருந்துதான். அதற்குப் பதில் செய்யத்தக்கவை உள்ளன. சென்ட்டுக்கு 4 கிலோ வேப்பம்பிண்ணாக்கை நடவுக்கு முன் மண்ணில் கலக்கலாம். மக்கிய தொழு உரம் 100 கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ், பெசிலோமைசஸ் ஆகிய மூன்றிலும் 200 கிராம் வீதம் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் பதினைந்து நாள் வைத்திருந்து பிறகு நிலத்தில் இடலாம். நூற்புழு இருப்பது தெரிந்த நிலமானால் முதலில் ஒரு பருவம் செண்டுமல்லி போட்டுவிட்டு அதன்பின் சம்பங்கிக்கு வருவது மிக நல்லது. செண்டுமல்லியின் வேரில் உள்ள ஒரு பொருள் நூற்புழுவைக் கொல்கிறது. பூவும் விற்றுக்கொள்ளலாம், செடியையும் மடக்கி உழுதுவிடலாம். சம்பங்கிப் பாத்தியின் வரப்பிலும் செண்டுமல்லி இருக்கட்டும்.

நடவு

வெயில் முழுவதும் படுகிற இடமாகப் பார்க்கவேண்டும். கொல்லை என்றால் தென்னை, முருங்கை நிழல் ஏதாவது இருக்கும். நிழலில் சம்பங்கி இலையாகத் தழைக்குமே தவிரத் தண்டு விடாது. நீர் வடியாத களிமண்ணும் ஆகாது. குளியலறை, சமையலறைக் கழிவுநீர் வந்து தேங்குகிற மூலையில் வைத்துவிட்டுக் கிழங்கு அழுகுகிறதென்று வருந்துவோர் உண்டு. அந்த நீரை வாழைக்கும் சேம்புக்கும் விட்டுவிடவேண்டும்.

ஆனி, ஆடி மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை வருமுன் செடி வேர்பிடித்து நிமிர்ந்திருக்கும். நிலத்தை இரண்டு மூன்று முறை நன்றாகக் கொத்தி, சென்ட்டுக்கு 100 கிலோ தொழு உரம் போட்டுக் கலந்து, ஒன்றரை அடி இடைவெளியில் பார் பிடிக்கவேண்டும். பாரின் பக்கவாட்டில் 20 செ.மீ.க்கு ஒன்றாகக் கிழங்கை நடவேண்டும். மேலே ஓர் அங்குல மண் மூடினால் போதும். ஆழத்தில் புதைத்தால் முளைப்புத் தாமதமாகும். இந்த இடைவெளியில் சென்ட்டுக்கு 450 கிழங்கு பிடிக்கும். ஐந்து சென்ட்டுக்கு 2,250 கிழங்கு, எடையில் ஏறக்குறைய 60 கிலோ. நடுமுன் ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் கரைத்து அதில் அரைமணி நேரம் கிழங்கை ஊறவைத்துக்கொள்ளலாம்.

நிலத்தை முதல் நாளே நனைத்து, ஈரப்பதத்தில் நடுவதுதான் முறை. நட்டபின் முளை வரும்வரை தண்ணீரை வெள்ளமாக விடக்கூடாது. முளைத்தபின் வாரம் ஒரு நீர், கோடையில் நாலைந்து நாளைக்கு ஒரு நீர் போதும். மழைக்காலத்தில் நீர் பாய்ச்சுவதைவிட வடிப்பதே வேலை. நட்ட முதல் மாதம் கோழிகளைக் கட்டிப்போடவேண்டும் அல்லது பாத்தியைச் சுற்றி வலை கட்டவேண்டும். பாரைக் கிளறிக் கிழங்கை வெளியே போட்டுவிடும்.

உரத்தைப் பொறுத்தவரை, எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் 200 கிலோ வீதம் என்பது பரிந்துரை. கொல்லைக் கணக்கில் சொன்னால் சென்ட்டுக்கு ஆண்டு ஒன்றுக்கு யூரியா 1¾ கிலோ, சூப்பர் பாஸ்பேட் 5 கிலோ, பொட்டாஷ் 1 கிலோ 350 கிராம். சூப்பரையும் பொட்டாஷையும் அடியுரமாக முழுவதும் இட்டுவிடலாம். யூரியாவை மூன்று பங்காக்கி, நடும்போது ஒரு பங்கும், 60ஆம் நாளும் 90ஆம் நாளும் மற்ற இரண்டு பங்கும் இட்டு மண் அணைக்கவேண்டும். மொத்த யூரியாவையும் ஒரே மூச்சில் போட்டால் இலை கருகருவென்று வரும், பார்க்க அழகாயிருக்கும், பூ வராது. இலை வெளிறினால் 10 லிட்டர் நீரில் துத்தநாக சல்பேட் 50 கிராம், இரும்பு சல்பேட் 20 கிராம், போரிக் அமிலம் 10 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். வளர்ச்சி ஊக்கிகள் பல கடைகளில் கிடைக்கின்றன. ஐந்து சென்ட்டுக்கு அவை வேண்டியதில்லை.

பூச்சிகளில் மொட்டைத் துளைக்கும் பச்சைப் புழுவே முக்கியம். காலையில் பூப்பறிக்கும்போதே துளை விழுந்த மொட்டைக் கிள்ளி எடுத்து அழித்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். இலைப்பேனுக்கும் அதுவே. மழை நாளில் இலைகள் மண்ணைத் தொடும் இடத்தில் வெண்ணிறப் பூசணமும் அதில் கடுகு போன்ற சிறு உருண்டைகளும் தெரிந்தால் அது தண்டழுகல் நோய். அந்தக் குத்தைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து வெளியேற்றிவிட்டு, அவ்விடத்தில் டிரைக்கோடெர்மா கலந்த எருவை இடவேண்டும். எடுத்த மண்ணை எருக்குழியில் கொட்டினால் நோயைத் தோட்டம் முழுவதும் பரப்பியதாகும்.

பறிப்பும் விற்பனையும்

நட்ட மூன்று, நான்கு மாதத்தில் தண்டு வரும். பூ அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக விரியும். ஆகவே ஒரு தண்டில் அன்றாடம் அடியில் முற்றிய இரண்டு மூன்று பூவைத்தான் எடுக்கவேண்டும். இரவில் விரிந்து மணக்கும் பூ இது. விட்டில் பூச்சிகளுக்காக இயற்கை செய்த ஏற்பாடு. எனவே வெயில் ஏறுமுன் பறித்துவிடவேண்டும். எட்டு மணிக்குமேல் பறித்த பூ சந்தைக்குப் போகுமுன்னே சோர்ந்துவிடும். பறித்ததை நனைத்த சாக்கில் பரப்பிக் கொண்டுபோகலாம். தண்ணீரைத் தெளித்து எடை கூட்டுவது வியாபாரிக்குத் தெரியாமல் போகாது.

விடியுமுன் இருட்டில் பறிப்பதால் தலைவிளக்கும் காலுக்குச் செருப்பும் வேண்டும். சம்பங்கி வாசத்துக்குப் பாம்பு வரும் என்று, தாழம்பூவுக்குச் சொல்வதுபோலவே, சிலர் சொல்வார்கள். பாம்பு வருவது வாசத்துக்கல்ல, அடர்ந்த குத்துக்குள் ஒண்டும் தவளைக்கும் எலிக்கும். காய்ந்த இலைகளை அவ்வப்போது அறுத்தெடுத்து அடி தெரியும்படி வைத்திருந்தால் அச்சம் குறையும்.

எவ்வளவு பூ வரும்? நன்கு பேணிய ஒற்றைச் சம்பங்கியில் ஆண்டுக்கு எக்டருக்கு 14 டன் வரை எடுக்கலாம். அந்தக் கணக்கில் சென்ட்டுக்கு 56 கிலோ. கொல்லையில் அதில் பாதி கிடைத்தாலே ஐந்து சென்ட்டில் ஆண்டுக்கு 140 கிலோ. இதை 365 நாளில் வகுத்தால் நாளைக்கு அரைக் கிலோவும் இல்லை. பூ மிகுந்து வரும் மாதங்களில் ஒரு கிலோவைத் தாண்டும், பனிக்காலத்தில் கைப்பிடிதான். அரைக் கிலோ பூவைத் தூக்கிக்கொண்டு சத்தியமங்கலம், நிலக்கோட்டை, தோவாளை போன்ற பெரிய பூச்சந்தைக்குப் பேருந்து ஏறினால் கட்டணத்துக்கே சரியாகும். எனவே ஐந்து சென்ட்காரர் நடுமுன்பே உள்ளூர்ப் பூக்கடை, கோயில் மாலைக்காரர் என்று ஒருவரைப் பேசி வைத்துக்கொள்ளவேண்டும். வீட்டிலேயே மாலையாகக் கட்டி விற்பவர்களுக்கு வரும்படி இன்னும் கூடும். தெருவில் நாலைந்து வீட்டார் ஒரே ரகத்தை வைத்து, பூவை ஒன்றாகச் சேர்த்து ஒருவர் கையில் சந்தைக்கு அனுப்பும் ஏற்பாடும் நடைமுறைக்கு உகந்தது.

விலை ஒரே ஆண்டுக்குள் பத்து, இருபது ரூபாயில் கிடந்து, முகூர்த்த நாட்களில் நூறைத் தாண்டி இருநூறையும் தொடும். ஆடி, மார்கழி மாதங்களில் திருமணம் இல்லை, அப்போது இறக்கம். ஆயுத பூசை, கார்த்திகை, தை முகூர்த்தங்களில் ஏற்றம். ஒற்றைச் சம்பங்கிப் பூ ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம். அதாவது கிலோவுக்கு ஆயிரம் முறை கை போய்வரவேண்டும். விலை பத்து ரூபாயாக இருக்கும் நாளில் கூலிக்கு ஆள் வைத்துப் பறித்தால் கட்டாது. வீட்டார் பறித்தால் நட்டமில்லை. பறிக்காமல் விடவும் முடியாது, முற்றிய பூ தண்டிலேயே அழுகி நோய்க்கு இடம் கொடுக்கும். ஆகவே வீட்டில் விடியலில் பறிக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கொண்டே எத்தனை சென்ட் என்று முடிவு செய்யவேண்டும், நிலம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கொண்டல்ல. இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து முதல் பத்து சென்ட் போதும். விலை நன்றாயிருந்த ஓர் ஆண்டைக் கண்டு கடன் வாங்கி ஓர் ஏக்கர் வைப்பவருக்குக் கிழங்கு மட்டும் 45,000 வேண்டும். அது வேறு தொழில். வேறு கணக்கு.

பயிரைக் கலைத்தல்

ஒரு நடவு மூன்று ஆண்டு நிற்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டிலும் மேற்சொன்ன எருவும் உரமும் இடவேண்டும். மறுதாம்புதானே என்று விடக்கூடாது. மூன்றாம் ஆண்டு முடிவில் ஒவ்வொரு குத்திலும் குட்டிக் கிழங்குகள் நெருங்கி, ஒன்றையொன்று நெருக்கித் தண்டு மெலியும். அத்துடன் கலைத்துவிடுவதே சரி. நீரை நிறுத்தி இலை மஞ்சளாகிக் காயும்வரை விட்டு, கிழங்குக்கு அடிபடாமல் தோண்டி, மண்ணை உதறி, தாய்க் கிழங்கை விலக்கிவிடவேண்டும். தேறிய கிழங்கைத் தனியாகவும் பொடியைத் தனியாகவும் பிரித்து, காற்றோட்டமான நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, மூன்று நான்கு நாளைக்கொரு முறை திருப்பிவிடவேண்டும். சாக்கில் கட்டிவைத்தால் பூசணம் பிடிக்கும்.

இப்போது உழவரே கிழங்கு விற்பவராகிறார். அடுத்த வீட்டார் வந்து கேட்பார்கள். வேரில் முடிச்சு இருக்கும் குத்துகளைத் தோண்டும்போதே ஒதுக்கி எரித்துவிட்டு, மற்றதைத் தரவேண்டும். பொடிக் கிழங்கை விற்காமல் ஒரு சிறு பாத்தியில் நெருக்கமாக நட்டு வளர்த்தால் அடுத்த ஆண்டு சொந்தக் கிழங்கு தயாராகும். கலைத்த இடத்தில் உடனே மீண்டும் சம்பங்கியோ கத்தரி, தக்காளி, வெண்டையோ வைக்கக்கூடாது. நீர் தேக்க முடிந்த நிலமானால் ஒரு போகம் நெல் போடலாம், நீர் நின்ற மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு குறைந்துவிடும். மேட்டுக் கொல்லையானால் செண்டுமல்லி அல்லது எள் போட்டுவிட்டு, புதுக் கிழங்குக்கு வேறு மூலையைத் தயார் செய்யவேண்டும்.